விலைவாசி 10 சதவீதம், வாடகை 21 சதவீதமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் ஒரு சின்ன அபார்ட்மென்ட்டில் 2023 ஜூனிலிருந்து குடியிருக்கிறோம். வாடகை 14,000. கணவருக்கு இந்த வருடம் 2,000 ஏறி, கைக்கு 38,000 வருகிறது. “விலைவாசி எங்கேயோ போயிடுச்சு. ஆகஸ்ட்லேர்ந்து 17,000 குடுங்க, இல்லேன்னா காலி பண்ணிடுங்க” என்கிறார் ஹவுஸ் ஓனர். கரண்டுக்கு யூனிட் 9 ரூபாய் தனி. வண்டலூர் பக்கம் போய்விடலாம் என்கிறார் கணவர். மகள் இங்கேதான் நாலாம் வகுப்பு படிக்கிறாள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: அவசரப்பட்டுக் காலி செய்யாதீர்கள் சகோதரி. 17,000க்கும் தலையாட்டாதீர்கள்.

ஓனர் விலைவாசியைக் காரணம் சொல்வதால் அதையே கணக்குப் பார்ப்போம். நாட்டின் சில்லறை விலைவாசி 2023-24ல் சராசரியாக 5.4 சதவீதமும், 2024-25ல் 4.6 சதவீதமும் ஏறியது. இரண்டும் சேர்த்துச் சுமார் 10 சதவீதம். 14,000க்கு அதைக் கூட்டினால் 15,400 வருகிறது. இரண்டு வருடமாக அவர் ஏற்றவே இல்லை என்பதால் இதைக் கேட்பது நியாயம்தான், கொடுத்துவிடுங்கள். மீதி 1,600க்கும் விலைவாசிக்கும் சம்பந்தமில்லை. மாதவரம்-சோழிங்கநல்லூர் மெட்ரோ உங்கள் பகுதி வழியாக வரப்போகிறது, ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் அங்கே வீடு தேடுகிறார்கள். புதிதாக வருபவர் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகையை உங்களிடம் கேட்கிறார், அவ்வளவுதான். உங்கள் கணவருக்குச் சம்பளம் ஏறியதோ 2,000. அதை அப்படியே அவரிடம் கொடுத்து, மேலே இன்னும் 1,000 போட வேண்டும். சம்பளத்தில் 45 சதவீதம் வாடகைக்கே போனால் பள்ளிக் கட்டணத்துக்கும் மளிகைக்கும் கடன்தான் வாங்க வேண்டியிருக்கும்.

ஆனால் வீடு மாறுவதும் சும்மா நடக்காது. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பழைய அட்வான்ஸில் பெயின்டிங்குக்கு என்று ஒரு மாதப் பிடித்தம், டெம்போ, ஆள் கூலி. எல்லாம் சேர்ந்தால், அவர் கேட்கும் 3,000 ஏற்றத்தின் ஒரு வருடத் தொகையான 36,000ஐ ஏறக்குறையத் தொட்டுவிடும். வண்டலூரிலிருந்து தினமும் போய்வரும் செலவும் அலைச்சலும் வேறு.

உங்களுக்குச் சாதகமான விஷயம், இது ஆடி மாதம். ஆடியில் யார் பால் காய்ச்சிக் குடிவருகிறார்கள்? நீங்கள் காலி செய்தால் அவருக்கு ஒரு மாத வாடகையாவது போகும். கூடுதலாகக் கேட்கும் 1,600ஐ வருடம் முழுக்க வாங்கினாலும் மொத்தம் 19,200தான். இது அவருக்கும் தெரியும். மாதம் தவறாமல் வாடகை கொடுத்தவர்கள் நீங்கள் என்பதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியுமாகப் போய், “15,400 தர்றோம் சார், இனிமே வருஷத்துக்கு 5 சதவீதம் ஏத்திக்கலாம், அக்ரிமென்ட்லயே எழுதிடலாம்” என்று தன்மையாகப் பேசுங்கள்.

அந்தப் பேச்சிலேயே கரண்டு பில்லையும் எடுங்கள். உங்கள் வீட்டுக்கு மின்வாரிய மீட்டர் தனியாக இருந்தால், சர்வீஸ் நம்பரை வாங்கி நீங்களே கட்டுவதாகச் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடினால் 9 ரூபாய் கணக்கில் 2,700 கொடுக்கிறீர்கள். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் வாரியத்தின் பில் ஆயிரம்கூட வராது. மாத வாடகையில் ஏறும் 1,400ல் பாதிக்கு மேல் இதிலேயே திரும்பிவிடும். 16,000க்குக் கீழே அவர் இறங்கவே மாட்டேன் என்றாலும், இது கிடைத்தால் சம்மதிக்கலாம்.

சட்டத்தை முதல் பேச்சிலேயே நீட்ட வேண்டாம், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிராவிட்டால், வாடகையை உயர்த்த மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி மிரட்டக் கூடாது.

எதற்கும் மசியாவிட்டால், மகளுக்கு முழுப்பரீட்சை முடியும்வரை மட்டும் அவர் கேட்பதைக் கொடுத்துவிட்டு, தை பிறந்ததும் பக்கத்திலேயே வீடு பார்க்கத் தொடங்குங்கள். கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம் உள்தெருக்களில் டூலெட் போர்டைப் பார்த்து ஓனரிடமே நேரில் பேசினால் புரோக்கர் கமிஷன் மிச்சமாகும்.