எப்பிங் காட்டில் நடை, சைக்கிள், குதிரை: ஒரே நாளில் முடியுமா?

கேள்வி: நாங்கள் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், முழங்கால் வலி உண்டு. பதினொரு வயது மகனுக்கு சைக்கிள், பதினான்கு வயது மகளுக்குக் குதிரைச் சவாரி. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்றையும் எப்பிங் காட்டில் முடிக்க முடியுமா? அனுமதி வாங்க வேண்டுமா? பார்பிக்யூ போடலாமா?

பதில்: நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் யாரிடமும் அனுமதி வேண்டாம், கட்டணமும் இல்லை. குதிரைச் சவாரிக்கு மட்டும் உரிமம் தேவை. ஆனால் மூன்றையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். இந்தக் காடு ஏறக்குறைய 19 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கலாகக் கிடக்கிறது. எந்தப் பக்கமாக உள்ளே போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த நாள் அமையும். அம்மாவுக்கு ஏற்ற இடம் வேறு, மகனுக்கு ஏற்ற இடம் வேறு.

காட்டின் தென்கோடி உங்கள் வீட்டுப் பக்கம்தான் இருக்கிறது. மேனர் பார்க் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் பலருக்கு, கொஞ்சம் தள்ளியிருக்கும் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் புல்வெளியும் எப்பிங் காட்டில் சேர்ந்தது என்று தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் நிலவுடைமையாளர்கள் காட்டைத் துண்டு துண்டாக வேலி போட்டு வளைத்தபோது, லண்டன் சிட்டி மாநகராட்சி வழக்குத் தொடுத்து 1874-இல் வென்றது. வழக்குப் போட அதற்கு என்ன உரிமை? மேனர் பார்க் பக்கம் கல்லறைக்காக வாங்கிய நிலம்தான். அந்த நிலத்தோடு காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் வந்திருந்தது! 1878-இல் தனிச் சட்டமே வந்தது. இன்றும் அதே மாநகராட்சிதான் காட்டைப் பராமரிக்கிறது.

மகனை முதலில் அந்தப் புல்வெளிக்கே கூட்டிப் போங்கள். சமதரை, எங்கும் கண் எட்டும். வசந்த காலத்தில் வானம்பாடிகள் தரையில் கூடு கட்டுவதால் சில பகுதிகளைத் தடுத்திருப்பார்கள், அதற்குள் போகக் கூடாது. கை பழகியதும் சிங்ஃபோர்ட் போய் கிரீன் ரைடில் ஓட்டட்டும். 1882-இல் விக்டோரியா மகாராணியின் வருகைக்காக வெட்டிய அகலமான பாதை அது. மெல்லிய டயர் சைக்கிள் அங்கே சரிப்படாது. லௌடன் கேம்ப், ஆம்ப்ரஸ்பரி பேங்க்ஸ் என்ற இரண்டு பழைய மண்கோட்டைகளும் 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. அவற்றின் மேல் சைக்கிள் ஏற்றத் தடை உண்டு. காட்டை ஊடறுத்துப் போகும் எப்பிங் நியூ ரோட்டில் வண்டிகள் வேகமாக வரும். அதைக் கடக்கும்போது இறங்கி, தள்ளிக்கொண்டே போகச் சொல்லுங்கள்.

எதிரே குதிரை வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வரும் சைக்கிள்தான் குதிரையை அதிகம் மிரட்டும். மணி அடிப்பதைவிட வாயால் "ஹலோ" சொல்வது நல்லது, மனிதக் குரல் கேட்டால் வருவது ஆள்தான் என்று அதற்குப் புரியும். வேகத்தைக் குறைத்து, சவாரி செய்பவர் கைகாட்டிய பிறகு நன்றாக விலகிக் கடக்க வேண்டும். காரில் போகும்போது உங்களுக்கும் விதி உண்டு: குதிரையைக் கடக்க மணிக்கு 10 மைலுக்கு மேல் கூடாது, குறைந்தது 2 மீட்டர் இடைவெளி வேண்டும்.

அம்மாவுக்கு நான் சொல்வது கன்னாட் வாட்டர். குளத்தைச் சுற்றித் தளம் போட்ட சமமான பாதை, மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கார் நிறுத்தக் கட்டணம் உண்டு, ஞாயிறு காலை சீக்கிரம் போனால்தான் இடம் கிடைக்கும். ரயில் என்றால் வுட்கிரேஞ்ச் பார்க்கில் ஏறி, வால்தம்ஸ்டோ குயின்ஸ் ரோட்டில் இறங்கி, பக்கத்திலிருக்கும் சென்ட்ரல் நிலையத்துக்கு நடந்து சிங்ஃபோர்ட் ரயில் பிடிக்கலாம். ஆனால் அங்கிருந்து குளத்துக்கு இன்னும் நடக்க வேண்டும், முழங்கால் வலியோடு அது வேண்டாம். மற்றப் பாதைகளில் பெரும்பாலும் களிமண். நவம்பரிலிருந்து மார்ச் வரை காலை வைத்தால் கணுக்கால் வரை சேறு. டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

மகள் விஷயத்தில் அவசரம் வேண்டாம். மெரினாவில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க, ஏறி உட்கார்ந்து இறங்குவது போல இல்லை இது. சவாரிப் பள்ளியில் முன்பதிவு செய்து, முதலில் வேலியிட்ட மைதானத்தில் சில வகுப்புகள் எடுத்த பிறகுதான் காட்டுக்குள் அழைத்துப் போவார்கள். பள்ளியின் குதிரை என்றால் உரிமத்தைப் பள்ளி பார்த்துக்கொள்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி அங்கீகாரம், வயது, எடை வரம்பு எல்லாம் போனிலேயே கேட்டுவிடலாம். சிறு குதியுள்ள காலணி நல்லது, பாதம் கால் வைக்கும் வளையத்துக்குள் வழுக்கிப் போகாது. ஹெல்மெட் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். சைக்கிள் ஹெல்மெட்டைக் கொண்டு போக வேண்டாம்.

நீண்ட கொம்பு மாடுகள் வேலியில்லாமல் மேய்வதைப் பார்த்தால் அம்மா தொட்டுக் கும்பிட ஆசைப்படலாம். கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை இருக்கும், சாதுவானவைதான். என்றாலும் கன்றோடு நிற்கும் பசுவிடம் நெருங்காமல் எட்ட நின்றே கும்பிடட்டும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோருடைய முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாவற்றிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கடித்திருந்தால் நசுக்காமல், கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். அடுத்த வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால் ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) போக வேண்டும், உண்ணியால் பரவும் லைம் நோயாக இருக்கலாம்.

பார்பிக்யூ கூடாது. காட்டில் நெருப்பு மூட்டவே தடை. காளான் பறிக்கவும் தடை. புளிச்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். டீ வேண்டுமென்றால் காட்டில் ஹை பீச் என்ற இடத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது, மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டமாக நிற்பதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.