மூச்சுப் பயிற்சி இருக்கட்டும், மாடிப்படியில் என்ன நடக்கிறது?

கேள்வி: வயது 46, பள்ளி ஆசிரியை. 7 வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. டென்ஷன் குறைய 3 மாதமாக வீடியோ பார்த்து வயிற்று மூச்சுப் பயிற்சி செய்கிறேன். செய்யும்போது தலை சுற்றுகிறது. உதடும் விரல்நுனியும் மதமதக்கின்றன. மூளையில் அடைப்பு என்று இணையத்தில் படித்துப் பயந்துவிட்டேன். ஆக்ஸிமீட்டர் 96, 97, 98 என்று மாறி மாறிக் காட்டுகிறது. இந்தப் பயிற்சியால் தொப்பை போடுமா? சில நாள் தூக்கத்துக்கு அக்காவின் அல்பிரசோலம் பாதி போடுகிறேன். இரண்டாம் மாடி வகுப்புக்கு ஏறும்போது நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும். நின்று நாலு முறை வயிற்று மூச்சு விட்டால் சரியாகிவிடுகிறது. ஈ.சி.ஜி. நார்மல். அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. இந்தப் பயிற்சி உண்மையிலேயே பலன் தருமா?

பதில்: தரும். ஆனால் மாடிப்படியில் உங்களுக்குச் சரியானது மூச்சுப் பயிற்சியால்தானா என்பது எனக்குச் சந்தேகம். நின்றீர்களே, அதனால் சரியாகியிருக்கலாம். ஏறும்போது இதயத்துக்கு ரத்தம் அதிகம் தேவை. ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால் அந்தத் தேவைக்கு ஈடு கொடுக்க முடியாமல் நெஞ்சு அடைக்கும். நின்றால் தேவை குறையும், நெஞ்சடைப்பும் விலகும். இதைத்தான் ஆஞ்சைனா என்கிறோம். டென்ஷனுக்கு மாடிக் கணக்கு தெரியாது. அது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் வரும், படுக்கும்போதும் வரும். ஒவ்வொரு முறையும் படியேறினால் வந்து, நின்றால் போகிற அடைப்பை டென்ஷன் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை. உங்கள் வயதும் சர்க்கரையும் அப்பாவின் கதையும் சேரும்போது நிச்சயமாக இல்லை.

அந்த நார்மல் ஈ.சி.ஜி.யை மேசை டிராயரில் வைத்துவிடுங்கள். படுத்துக்கொண்டு, வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஈ.சி.ஜி., குழாயில் சுருக்கம் இருந்தாலும் நார்மலாக இருக்கலாம். இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். எக்கோவா, டிரெட்மில்லா, வேறு ஸ்கேனா என்பதை அவர் முடிவு செய்வார். என்னிடம் எழுதியதை அவரிடமும் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ‘எத்தனை படி ஏறினால் வருகிறது, எத்தனை நிமிடத்தில் போகிறது’ என்ற தகவல் அவருக்குப் பாதி நோயறிதல். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் மூச்சு வாங்குவது மட்டும் இருக்கலாம். தாடையிலோ முதுகிலோ ஒரு கனம் மட்டும் தெரியலாம். அதையும் மறைக்காதீர்கள்.

முன்பு இரண்டாம் மாடியில் வந்தது இப்போது முதல் மாடியிலேயே வந்தால், அன்றைக்கே போங்கள். சும்மா இருக்கும்போதே நெஞ்சு அடைத்து, சில நிமிடத்தில் அடங்காவிட்டாலோ, வியர்வையோ குமட்டலோ சேர்ந்தாலோ 108-ஐ அழையுங்கள். கேஸ் என்று சோடா குடித்துப் பார்ப்பது, வயிற்று மூச்சு விட்டுப் பார்ப்பது, ஸ்கூட்டரில் தனியாகப் போவது எதுவும் வேண்டாம். ‘கொஞ்சம் பார்ப்போம்’ என்று வீட்டில் கழித்த நேரத்தில் இதயத் தசையை இழந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது.

தலைசுற்றலும் மதமதப்பும் மூளை அடைப்பு அல்ல. வீடியோக்காரர் ‘ஆழமாக, ஆழமாக’ என்கிறார், நீங்களும் வேக வேகமாக ஆழ்ந்து இழுக்கிறீர்கள். அதில் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். மூளையின் ரத்தக்குழாய்கள் கொஞ்சம் சுருங்கித் தலை கிறுகிறுக்கும்; ரத்தத்தில் கால்சியத்தின் நிலையும் மாறி உதடும் விரலும் மதமதக்கும். பயிற்சியை நிறுத்தினால் சில நிமிடத்தில் போய்விடும். ஆனால் பயிற்சி செய்யாத நேரத்தில், உடம்பின் ஒரு பக்கம் மட்டும் மதமதத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது வேறு கதை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்தப் பயிற்சியில் முக்கியம் ஆழமில்லை, மெதுவும் மென்மையும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, வயிற்றில் கை வையுங்கள். மூக்கால் 4 எண்ணும்வரை இழுங்கள், 6 எண்ணும்வரை விடுங்கள். கை உயர்ந்து தாழ வேண்டும், நெஞ்சு அதிகம் அசையக் கூடாது. தூங்கும் கைக்குழந்தையின் வயிற்றைப் பாருங்கள், யாரும் கற்றுத்தராமலே அப்படித்தான் மூச்சுவிடும். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறோம். இப்படிச் செய்தால் 6-க்கு இறங்கும். மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் கொஞ்சம் தணிக்கும்; மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டே செய்தால் சிலருக்கு அது கைக்கே தெரியும். விடுகிற மூச்சை நீட்டச் சொல்வது அதனால்தான். தினமும் 10 நிமிடம் போதும். படபடப்பும் பதற்றமும் குறையும், ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கலாம். மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு இறங்காது. அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்கவும் செய்யாது.

தொப்பை போடாது. காற்று நுரையீரலுக்குத்தான் போகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசையான உதரவிதானம் கீழே இறங்கிக் குடலைத் தள்ளுவதால் வயிறு உப்புகிறது, அவ்வளவுதான். ஆக்ஸிமீட்டர் 96-க்கும் 98-க்கும் இடையில் ஆடுவதும் நார்மல். அதைக் கொஞ்ச நாளைக்குக் கண்ணில் படாமல் வையுங்கள்.

அக்காவின் மாத்திரையை அக்காவிடமே கொடுத்துவிடுங்கள். அல்பிரசோலம் பழகிப்போகும் மருந்து. சில நாள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் தினமும் என்றால், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள்.

பரிசோதனை முடிவு வரும்வரை தரைத்தளத்தில் வகுப்பு மாற்றித் தரச் சொல்லித் தலைமையாசிரியரிடம் நாளைக்கே கேளுங்கள். காரணம் கேட்டால், டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.