லெவல் பாத்து தானா ஓடுற பம்ப்: கேள்வி பதில்

பம்ப் பேனல் கட்டுறதுதான் என் பொழப்பு. மிதவை (ஃப்ளோட் ஸ்விட்ச்), ப்ரோப் (மட்டம் பாக்க தண்ணில விடுற கம்பி), பிரஷர் சென்சார்னு தினமும் கையில புழங்குற சாமான்தான், அதனால லெவல் கண்ட்ரோல் பத்தி என்ன வேணா கேளுங்க. எந்த கம்பெனி வாங்கலாம்னு மட்டும் கேக்காதீங்க. ரெண்டு விஷயம் இப்பவே சொல்லிடுறேன், நடுவுலயும் சொல்லிக்கிட்டே இருப்பேன்: மெயின் ஆஃப் பண்ணாம தண்ணில கை வைக்காதீங்க, கழிவுநீர் தொட்டிக்குள்ள இறங்காதீங்க.

மாடித்தண்ணி: அக்கா, மேல்தொட்டில ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் போட்டிருக்கேன். தொட்டி நிறையுற நேரத்துல மோட்டார் ஆன், ஆஃப், ஆன், ஆஃப்னு அடிச்சுக்குது. ஸ்விட்ச் போச்சா?

பதில்: ஸ்விட்ச் நல்லாத்தான் இருக்கும். ஆன் ஆகுற மட்டத்துக்கும் ஆஃப் ஆகுற மட்டத்துக்கும் நடுவுல நீங்க இடைவெளியே விடல. கேபிள்ல தொங்குற மிதவைக்கு எங்கயாவது ஒரு இடத்துல வெயிட்டோ கிளிப்போ போட்டு புடிச்சிருப்போம்ல, அங்க இருந்து மிதவை வரைக்கும் இருக்குற கேபிள் நீளம்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. தண்ணி கீழ இருந்தா மிதவை தொங்கும், ஏறினா நிமிரும், நீளம் கூடக் கூட அந்த ரெண்டு நிலைக்கும் நடுவுல தண்ணி அதிகமா ஏறி இறங்கும். நீங்க ஒரு சாண் விட்டிருந்தா அதிகம், அதுவும் தண்ணி விழுற குழாய்க்குப் பக்கத்துலயே தொங்க விட்டிருப்பீங்க, அங்க கிளம்புற அலையிலயே மிதவை ஆடி ஆடி ஸ்விட்ச்ச தட்டிக்கிட்டு இருக்கும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது சாதாரணமா ஓடுற கரண்ட்ட விட 5, 6 மடங்கு இழுக்கும், அந்த சூடு ஆறுறதுக்குள்ள அடுத்த ஸ்டார்ட், அதுக்கடுத்த ஸ்டார்ட்னா வைண்டிங் எப்படி தாங்கும்? கேபிள நீளமா விட்டு, குழாய விட்டு எதிர் மூலைக்கு மாத்துங்க, மிதவை ஆடுற வட்டத்துல ஏணி, பைப்பு, சுவர் எதுவும் தட்டக்கூடாது. தொட்டி குள்ளமா இருந்து அதுக்கும் இடமில்லன்னா மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு மிதவை போட்டு, நடுவுல ஒரு ரிலே (சின்னக் கரண்ட்ல வேற சர்க்யூட்ட ஆன் ஆஃப் பண்ற ஸ்விட்ச்) வெச்சு லாட்ச் பண்ணிடலாம், அதாவது ஒரு மிதவை ஆன் பண்ணா மத்தது ஆஃப் பண்ற வரைக்கும் ஆன்லயே நிக்கும்.

ரெட்டைத்தொட்டி: கீழ சம்ப், மேல டேங்க். ரெண்டையும் பாத்து ஓடணும். எப்படி?

பதில்: மேல மிதவை "காலி"ன்னு சொல்லணும், கீழ மிதவை "தண்ணி இருக்கு"ன்னு சொல்லணும், ரெண்டும் சேந்து சொன்னாத்தான் மோட்டார். ரெண்டு மிதவையோட காண்டாக்ட்டும் சீரீஸ்ல, அதாவது ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா, காண்டாக்டர் (மோட்டார் கரண்ட்ட தாங்குற பெரிய ரிலே) காயிலுக்குப் போகட்டும், முடிஞ்சுது. மேல வைக்கிறது தண்ணி ஏறினா திறக்குற வகை, கீழ வைக்கிறது தண்ணி ஏறினா மூடுற வகை. வாங்கும்போது இத மாத்தி வாங்கிட்டு வந்து நிக்கிறவங்கதான் ஜாஸ்தி. மூணு ஒயர் வர்ற மிதவைன்னா ரெண்டு வகைக்கும் ஆகும், எந்த ஒயர் எதுக்குன்னு மீட்டர்ல பாத்துக்கணும், கலர நம்பாதீங்க.

கம்பி_கருப்பு: மேடம், மூணு ஸ்டீல் கம்பி விட்டு நானே ஒரு சர்க்யூட் போட்டேன், 12 வோல்ட் பேட்டரி சப்ளை. கொஞ்ச நாள்லயே ஒரு கம்பி அரிச்சு ஊசியாட்டம் ஆயிடுச்சு, இன்னொண்ணுல வெள்ளையா படிஞ்சிருக்கு. ஸ்டெயின்லெஸ்னு சொல்லித்தான் குடுத்தாங்க.

பதில்: நல்ல கேள்வி, இதுக்கு கொஞ்சம் உக்காந்து எழுதலாம். தண்ணிக்குள்ள டிசி விட்டா அது லெவல் சென்சார் இல்ல, மின்பகுப்புத் தொட்டி. ப்ளஸ் பக்கம் இருக்குற கம்பி கரைஞ்சு தண்ணிக்குள்ள போகும், ஸ்டெயின்லெஸ்ஸா இருந்தாலும் போகும், மைனஸ் பக்கம் குட்டிக் குட்டியா ஹைட்ரஜன் குமிழி கிளம்பும், அந்த கம்பிய ஒட்டுன தண்ணி காரத்தன்மை ஆகுறதால கால்சியம் கார்பனேட் வெள்ளையா படியும். நீங்க பாத்த ரெண்டு கம்பியும் இதையேதான் சொல்லுது. அந்த வெள்ளைப் படிவு கரண்ட்ட சரியா கடத்தாது, ஒரு நாள் தண்ணி முட்டிக்கிட்டு நிக்கும், சர்க்யூட் "இன்னும் வரல"ன்னு மோட்டார ஓட்டிக்கிட்டே இருக்கும்.

அதனாலதான் கடையில கிடைக்கிற நல்ல ப்ரோப் ரிலே எல்லாமே ஏசிய கம்பிக்கு அனுப்புது, திசை மாறி மாறிப் போறதால ஒரு பக்கமா அரிக்காது. நீங்களே கட்டணும்னா மைக்ரோகண்ட்ரோலர்ல (ப்ரோகிராம் போடுற சிப்) ரெண்டு பின்ன மாத்தி மாத்தி ஹை பண்ணி, அளக்குற அந்த சில மில்லிசெகண்ட் மட்டும் கரண்ட் விட்டு, மத்த நேரம் ஆஃப்ல வைங்க. நீளக் கம்பி காமன் (மத்த ரெண்டுக்கும் பொது), அது மத்த ரெண்டையும் விட கீழ இருக்கணும், நடுத்தரம் ஆன் மட்டம், குட்டை ஆஃப் மட்டம். மெயின்ஸ்ல இருந்து தனிமைப்படுத்துன டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம ப்ரோப்புக்கு ஏசி குடுக்காதீங்க, அந்தத் தண்ணியத்தான் மனுசங்க தொடப் போறாங்க. ஆர்.ஓ. தண்ணி, காய்ச்சி வடிச்ச தண்ணில உப்பே இல்லாததால ப்ரோப் தடுமாறும், அங்க மிதவைக்குப் போயிடுங்க.

புதுவீடு: எந்த கம்பெனி ஆட்டோமேட்டிக் கண்ட்ரோலர் பெஸ்ட் அக்கா?

பதில்: முதல் பாரா.

குழி_தள்ளி: கழிவுநீர் குழில மிதவை கொழுப்பு படிஞ்சு நின்னுடுது. இறங்கி சுத்தம் பண்ணிட்டு வேற மாட்டலாமா?

பதில்: இறங்காதீங்க. இறங்காதீங்கன்னா இறங்காதீங்க, தலைய உள்ள விட்டு எட்டிக்கூட பாக்காதீங்க. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமா இருக்கும்போது அழுகுன முட்ட வாசம் அடிக்கும், ஜாஸ்தியானா மூக்கே மரத்துடும், வாசம் போயிடுச்சேன்னு நினைக்கும்போது ஆள் சாஞ்சிருப்பான், காப்பாத்தப் போறவனும் சேந்து போவான். மிதவையத் தூக்க வெளியில இருந்தே இழுக்குற மாதிரி சங்கிலில மாட்டுங்க. மேல இழுத்து, தண்ணி பீச்சிக் கழுவி, திரும்ப விடணும். கழிவு வந்து விழுற பக்கம் இல்லாம பம்ப்புக்கு அந்தப் பக்கம் தொங்கட்டும். சன்னக் கம்பில மேலயும் கீழயும் வழுக்கிப் போற மிதவை கழிவுநீருக்கு ஆகவே ஆகாது, அந்தக் கம்பிலதான் முடியும் கொழுப்பும் முதல்ல சுத்தும்.

2எச்பி: மிதவையில 10 ஆம்ப்னு போட்டிருக்கு, மோட்டார் 9 ஆம்ப். நேரா குடுத்துடலாம்ல?

பதில்: அந்த 10 ஆம்ப்ங்கிறது பல்பு, ஹீட்டர் மாதிரி லோடுக்கு. மோட்டாருக்கு எவ்வளவுன்னு பக்கத்துலயே சின்ன எழுத்துல தனியா போட்டிருக்கும், இல்லன்னா இல்லன்னு எடுத்துக்கோங்க. ஸ்டார்ட்டிங்ல 50 ஆம்ப் பக்கம் போகும்போது உள்ள இருக்குற குட்டி காண்டாக்ட் உருகி ஒட்டிக்கும். மிதவை நிமிந்து நிக்கும், தண்ணி வழியும், மோட்டார் ஓடும், மிதவைய ஒரு தட்டு தட்டினா நிக்கும், எல்லாரும் "மிதவை சிக்கிருச்சு"ம்பாங்க. சிக்கல, வெல்டு ஆயிடுச்சு. காண்டாக்டர் போடுங்க.

மாடி_பைப்பு: மேடம், டேங்க் நிறையுறப்ப மோட்டார் விட்டு விட்டு ஓடுது...

பதில்: மாடித்தண்ணிக்கு சொன்னதேதான்.

கோடுக்காரன்: அக்கா, ஈ.எஸ்.பி. போர்டு (வைஃபை இருக்குற குட்டி கண்ட்ரோல் போர்டு), அல்ட்ராசோனிக் சென்சார் (சத்தம் தண்ணில பட்டு எதிரொலிக்கிற நேரத்த வெச்சு தூரம் அளக்குறது) வெச்சு பண்ணிருக்கேன். ரீடிங் அப்பப்ப தாவுது. 10 ரீடிங் சராசரி எடுத்தும் சரியாகல.

பதில்: மூணு காரணம் இருக்கலாம். ஒண்ணு, அந்த வாட்டர்ப்ரூஃப் சென்சாருக்கு முன்னாடி 20, 25 சென்டிமீட்டர் குருட்டுப் பகுதி, தண்ணி அதுக்குள்ள வந்துட்டா வாய்க்கு வந்தத சொல்லும், அதுவும் தொட்டி நிறையுற நேரம் பாத்து. சென்சார மூடிக்கு மேல ஒரு குழாய் வெச்சு உசத்துங்க. ரெண்டு, சென்சார் முகத்துல நீராவி முத்து முத்தா படியும். மூணு, வெப்பம். சத்தம் 20 டிகிரில நொடிக்கு 343 மீட்டர் போகும், ஒரு டிகிரி ஏறினா 0.6 மீட்டர் கூடும், 10 டிகிரி மாறினா ஒன்றரை மீட்டர் ஆழத்துல ரெண்டரை சென்டிமீட்டர் தப்பு வரும். சராசரிய விட்டுட்டு, ரீடிங்கெல்லாம் வரிசைப்படுத்தி நடுவுல நிக்கிற மதிப்ப எடுங்க, தாவுற ரீடிங் தானா ஒதுங்கிடும்.

இதெல்லாம் பண்ணிட்டு உச்சில ஒரு சாதா மிதவை போட்டு, அத போர்டுக்குக் குடுக்காம நேரா காண்டாக்டர் காயில் லைன்ல குடுங்க.

கோடுக்காரன்: அது எதுக்கு? வைஃபை போனா ஆஃப், ரீடிங் வரலன்னா ஆஃப், போர்டு தொங்கிட்டா வாட்ச்டாக் (தானா ரீஸ்டார்ட் பண்ற டைமர்) ரீசெட். எல்லாம் கோடுல (ப்ரோகிராம்ல) இருக்கு. மிதவைதான் சிக்கும்.

பதில்: நீங்க சொன்ன எல்லாமே சென்சார் வாய மூடிட்டா புடிக்கிற வழி. சென்சார் அமைதியா, ஆடாம அசையாம பொய் சொன்னா என்ன பண்ணுவீங்க?

2005 டிசம்பர் 14, அமெரிக்காவுல மிசூரில டாம் சாக்னு ஒரு நீரேற்று மின்நிலையம். ராத்திரி மலை மேல இருக்குற நீர்த்தேக்கத்துக்கு தண்ணிய ஏத்தி, பகல்ல இறக்கி கரண்ட் எடுப்பாங்க. மட்டம் பாக்குற சென்சார்கள் இருந்த குழாய் புடிமானம் விட்டு நகந்துடுச்சு, அதனால உண்மையான மட்டத்த விட கம்மியா காட்டுச்சு, பம்ப்பு ஓடிக்கிட்டே இருந்துச்சு. காப்புக்குன்னு தனியா ப்ரோப்பும் வெச்சிருந்தாங்க, ஆனா கரைச்சுவரு எங்க தாழ்வா இருக்கோ அத விட ப்ரோப் உசரத்துல இருந்துச்சு. தண்ணி சுவத்துக்கு மேல வழிஞ்சு, கரைய அரிச்சு, அரை மணி நேரத்துக்குள்ள மொத்த நீர்த்தேக்கமும் காலி. கீழ பூங்கா அதிகாரியோட குடும்பத்த வெள்ளம் வீட்டோட அடிச்சுட்டுப் போச்சு, எல்லாரும் பொழச்சதுதான் அதிசயம். தப்பான ரீடிங்க ஆயிரம் தடவ சராசரி எடுத்தாலும் தப்புதான் வரும்.

ரிலே_ரசிகன்: சரியா சொன்னீங்க அக்கா, இந்த போர்டெல்லாம் தூக்கிப் போட்டுட்டு ரெண்டு மிதவை போட்டா போதும்.

பதில்: நான் அப்படி சொல்லல. அதுக்கு மூணு நாள் முன்னாடி, டிசம்பர் 11, இங்கிலாந்துல பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கு. பெட்ரோல் டேங்க் நிறைஞ்சுக்கிட்டு இருக்கு, விடியக்காலை 3 மணிக்கு மேல லெவல் மீட்டர் ஒரே இடத்துல நின்னுடுச்சு. உச்சில நீங்க சொல்ற மாதிரியே தனி ஸ்விட்ச் இருந்துச்சு. அதுல சோதனை பண்ண ஒரு நெம்புகோல், அத சரியான நிலையில நிறுத்தி பூட்டு போடணும், அந்தப் பூட்டு போடல, ஸ்விட்ச் வேலையே செய்யல. பெட்ரோல் வழிஞ்சு ஆவியா பரவி 6 மணி வாக்குல வெடிச்சுது, 40 பேருக்கு மேல காயம். ரெண்டாவது ஸ்விட்ச் மாட்டினா மட்டும் ஆகாது, அது உயிரோட இருக்கான்னு பாக்கணும்.

கோடுக்காரன்: அப்ப பன்ஸ்ஃபீல்டுல என் கோடு இருந்திருந்தா? பம்ப் ஓடுது, ரீடிங் அசையலன்னா நிறுத்துன்னு ஒரு வரி போதுமே.

பதில்: போதும், அந்த வரிய கண்டிப்பா எழுதுங்க. கூடவே வழக்கமா நிறைய எடுக்குற நேரத்துக்கு மேல கால் பங்கு சேத்து, அதத் தாண்டி ஓடினா நிறுத்தி மணி அடிக்கிற மாதிரியும் எழுதுங்க. அதுக்கப்புறமும் மிதவை வேணும், ஏன்னா ஆஃப்னு சொல்றது உங்க கோடு, சொன்ன பேச்சக் கேக்க வேண்டியது ரிலே, அது ஒட்டிக்கிட்டா கோடு என்ன பண்ணும்? மிதவை அந்த ரிலேவுக்கு வெளிய நின்னு காயில் லைன அறுக்கணும்.

ரிலே_ரசிகன்: ஒயர் அறுந்தாலும் மோட்டார் நிக்கிற மாதிரி சாதாரணமா மூடியே இருக்குற காண்டாக்ட்டா இருக்கணும், அத சொல்லுங்க. எல்லா எடத்துக்கும் அதான் விதி.

பதில்: தொட்டிய நிரப்புற பம்ப்புக்கு சரி. நிலத்தடி அறையில ஊறுற தண்ணிய வெளியேத்துற பம்ப்புக்கு அதே விதியப் போட்டா எலி ஒயரக் கடிச்ச அன்னிக்கு அறை முழுகிடும். அங்க பம்ப் நிக்கிறதுதான் ஆபத்து, ரெண்டாவது பம்ப், அதுக்குன்னு தனி மிதவை, தனி சர்க்யூட், பேட்டரில ஓடுற அலாரம்னு போகணும். ஒயர் அறுந்தா எது நடந்தா நஷ்டம் கம்மின்னு ஒவ்வொரு இடத்துக்கும் தனியா யோசிச்சுட்டு காண்டாக்ட் வகைய எடுங்க. ரெண்டு பேரும் இதோட விடுங்க, மத்தவங்க காத்திருக்காங்க.

ஊத்துக்குழி: நீங்க சொன்ன மாதிரி அறைக்குள்ள ஊறுற தண்ணிக்குத்தான் கேக்குறேன். குழி எவ்வளவு பெருசு வெட்டணும்? இப்ப இருக்குற பழைய குழில ஊத்தே இல்லாதப்பவும் பம்ப் அப்பப்ப ஓடுது.

பதில்: ரெண்டாவதுக்கு முதல்ல: நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணிய திரும்பி வர விடாத வால்வு) போச்சு. பம்ப் நின்னதும் பைப்புல இருக்குற தண்ணி மொத்தமும் குழிக்கே திரும்புது, மிதவை தூக்குது, திரும்ப ஓடுது. அதே தண்ணிய ஏத்தி இறக்கிக்கிட்டு இருக்கீங்க.

குழிக்கு ஒரு கணக்கு இருக்கு. பம்ப் தள்ளுறதுல சரிபாதி அளவு தண்ணி ஊறும்போதுதான் பம்ப் அடிக்கடி ஸ்டார்ட் ஆகும், அதுதான் மோசமான நேரம். அந்த நேரத்துக்கு, ஆன் மட்டத்துக்கும் ஆஃப் மட்டத்துக்கும் நடுவுல வேண்டிய தண்ணி = பம்ப் வேகம் × ஒரு ஸ்டார்ட்டுக்கும் அடுத்ததுக்கும் வேண்டிய நேரம் ÷ 4. நிமிஷத்துக்கு 100 லிட்டர் தள்ளுற பம்ப், மணிக்கு 10 ஸ்டார்ட்டுக்கு மேல வேண்டாம்னா 6 நிமிஷ இடைவெளி, 100 × 6 ÷ 4 = 150 லிட்டர். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழின்னா 15 சென்டிமீட்டர் ஏத்த இறக்கம். பெரிய பம்ப்பா போட்டா நல்லதுன்னு நினைச்சு அதே குழில தூக்கி வெச்சா ஸ்டார்ட் எண்ணிக்கைதான் கூடும்.

டீசல்_டேங்க்: இதே மூணு கம்பி ப்ரோப் டீசலுக்கு, பெட்ரோலுக்கு ஆகுமா?

பதில்: ஆகாது. எண்ணெய் அந்த அளவுக்கு கரண்ட் கடத்தாது, ப்ரோப்புக்கு ஒண்ணுமே தெரியாது. எரியுற ஆவி இருக்குற இடத்துக்குன்னு சான்று வாங்குன சாமானும் ஆளும் தனி. இத இங்க கேட்டு பண்ணாதீங்க.

ஆழ்துளை: போர்ல தண்ணி வத்துனா மோட்டார் தானா நிக்கணும். அவ்வளவு ஆழத்துல மிதவை எப்படி விடுறது?

பதில்: விட முடியாது, விடவும் வேண்டாம். தண்ணி தூக்காத பம்ப்புக்கு லோடு இல்ல, கரண்ட் இறங்கும், அத ரிலே புடிச்சு நிறுத்தும். சிங்கிள் பேஸ் மோட்டார்ல கரண்ட் அவ்வளவா இறங்காது, அங்க வாட்ஸ் பாக்குற ரிலேதான் நம்பகமானது. நல்லா தண்ணி வரும்போது ஒரு தடவ, டெலிவரி வால்வ கொஞ்ச நேரம் மூடி ஒரு தடவ அளந்து எழுதி, ரெண்டுக்கும் நடுவுல செட் பண்ணுங்க. நின்ன உடனே திரும்ப ஸ்டார்ட் ஆகக்கூடாது, ஊறுறதுக்கு டைமர்ல நேரம் குடுங்க. சப்மெர்சிபிள்ல மோட்டார் சூட்ட எடுத்துட்டுப் போறது, பம்ப் பேரிங்க்கு எண்ணெய் மாதிரி இருக்குறது ரெண்டுமே தண்ணிதான், அதனால இத தள்ளிப் போடாதீங்க.

தானா_நிரம்பும்: அக்கா எனக்கும் மோட்டார் ஆன் ஆஃப் ஆன் ஆஃப்...

பதில்: தம்பி, மேல.

கோடுக்காரன்: சரி அக்கா, மிதவை போடுறேன். எந்த உசரத்துல? எப்படி சோதிக்கிறது?

பதில்: போர்டு நிறுத்துற மட்டத்துக்கு மேல, ஓவர்ஃப்ளோ குழாய் வாய்க்குக் கீழ. ரெண்டுக்கும் நடுவுல அலை ஆடுற அளவாவது இடம் விடுங்க, இல்லன்னா தினமும் மிதவைதான் நிறுத்தும், போர்டு கெட்டுப் போனதே தெரியாது. மிதவைய தூக்கிக் கட்ட ஒரு நைலான் கயிறு மூடிக்கு வெளிய வரட்டும். மாசம் ஒரு தடவ மோட்டார் ஓடும்போது வெளிய இருந்து கயித்த இழுங்க, நிக்கணும். நிக்கலன்னா மெயின ஆஃப் பண்ணிட்டு காண்டாக்டர்ல இருந்து பாக்க ஆரம்பிங்க. பாத்து முடிச்சதும் கயித்த அவுத்து விட்டுடுங்க, கட்டியே வெச்சுட்டு மோட்டார் ஓடலன்னு இங்க வந்து கேக்காதீங்க.