தம்பி குளிசையை நிறுத்திவிட்டான் என்று கேட்ட தங்கச்சிக்கு

மனச்சோர்வுக்குத் தந்த குளிசையைத் தம்பி பத்து நாளில் 'ஒன்றும் சரிவரவில்லை' என்று விட்டுவிட்டான், ஊர்ச்சனம் காணும் என்று அம்மா கிளினிக்குக்கு அனுப்பப் பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். பத்து நாள் போதாது, தங்கச்சி. இந்தக் குளிசைகள் பலன் காட்ட இரண்டு முதல் நாலு கிழமை, சிலருக்கு அதற்கும் மேல் எடுக்கும். ஓங்காளம், நித்திரைக் குழப்பம் போன்ற தொல்லைகள்தான் முந்திக்கொண்டு வரும். பலர் இடையில் விடுவதே அதனால்தான். நீங்களாகத் திரும்பத் தொடங்காமல், மிச்சக் குளிசையையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய் டொக்டரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் தெரிந்தவர்கள் காண்பார்கள் என்றால், தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. இரண்டிலும் வைத்தியம் இலவசம். (தெரிந்த முகம் அங்கேயும் வரலாம். அவரும் அதே வரிசையில்தானே இருப்பார்!) மருந்தோடு ஆறுதலாகக் கதைக்கவும் ஆள் வேண்டும், யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை (மனம்விட்டுக் கதைத்துப் பெறும் உதவி) தரும் சாந்திகம் என்ற நிறுவனத்தில் விசாரியுங்கள். அம்மா நேர்த்தி வைக்கட்டும், அதற்குச் சண்டை வேண்டாம்.

தம்பி சாவைப் பற்றிக் கதைத்தால் மட்டும் கிளினிக் நாள் பார்த்திருக்காதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுங்கள், அல்லது நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். வீட்டில் தோட்டத்துப் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே வேறிடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.