அடுத்த அடிக்கு முன்

வணக்கம் அண்ணா,

லண்டனில் இருக்கும் மச்சான் அனுப்பிய இணைப்பில் 2025ஆம் ஆண்டு உலக ஸ்னூக்கர் இறுதியாட்டத்தைப் பார்த்தேன். பெரிய மேசையில் கோலால் பந்தடித்துக் குழியில் விழுத்தும் அந்த விளையாட்டுத்தான். பிறகு பழைய ஆட்டங்களையும் தேடத் தொடங்கி, இப்போது விடியவிடிய போனும் கையுமாக இருக்கிறேன். சோம்பேறிகளின் விளையாட்டு, வெள்ளைக்காரன் பொழுதுபோகாமல் கண்டுபிடித்தது என்று அப்பா ஏசுகிறார். எனக்கும் சில இடங்களில் அலுப்புத்தான். ஒருவர் அடிக்க மற்றவர் சும்மா கதிரையில் இருக்கிறார்.

இரண்டு கேள்விகள். தடை செய்யப்பட்ட ஒருவர் திரும்பி வந்து உலக சம்பியன் ஆவது நியாயமா? யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன் அந்த மேசைக்குப் போகவேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?

இன்னொன்று. பழைய ஆட்டம் ஒன்றில், ரெஃபரி காணாத ஃபவுலை ஆட்டக்காரரே சொல்லிவிட்டுப் போய் இருந்துவிட்டார். எங்கட ஊரில் இப்படிச் செய்தால் பேயன் என்றுதான் சொல்லுவார்கள்.

ஒரு வாசகன், கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

உம்முடைய கடைசி இரண்டு வரிதான் என்னை எழுத இருத்தியது. மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

அலுப்பென்றால் போனை மூடிவைத்துவிட்டுப் படும். 1985 உலக இறுதியாட்டத்தில் டெனிஸ் டெய்லரும் ஸ்டீவ் டேவிஸும் ஃபிரேம் கணக்கில் (ஒவ்வொரு தனி ஆட்டமும் ஒரு ஃபிரேம்) 17-17 என்று வந்து கடைசிக் கறுப்புப் பந்தில் நின்றபோது இங்கிலாந்தில் நடுச்சாமம் தாண்டிவிட்டது. 1 கோடியே 85 லட்சம் பேர் ரி.வி.க்கு முன்னால் இருந்தார்கள். தொடக்கத்தில் 0-8 என்று பின்னுக்கு நின்ற டெய்லர், அந்த இறுதியாட்டத்தில் முதல்தடவையாக முன்னுக்கு வந்தது அந்தக் கடைசிப் பந்து விழுந்தபோதுதான். அதைப் பார்த்தும் உமக்கு அலுப்பு வந்தால் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அப்பாவிடம் இதைச் சொல்லும். ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் முளைத்தது. அதை உருவாக்கியவர் நெவில் சேம்பர்லெய்ன் என்ற படை அதிகாரி. அதே பெயரில் பிரித்தானியப் பிரதமராக இருந்தவர் வேறு ஆள். பிறகு அதன் சட்டங்கள் எழுதப்பட்டது ஊட்டி கிளப்பில். விளையாடியவர்கள் வெள்ளைக்காரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் 1973இல் பம்பாயில் அதே மேசையில் ஆடும் பில்லியர்ட்ஸில் உலக அமெச்சூர் பட்டத்தை வென்றவர் நம்முடைய எம். ஜே. எம். லாஃபிர், கொழும்புக்காரர். இலங்கைக்கு முதல் உலகப் பட்டம் அந்தப் பச்சைத் துணிக்கு மேலேதான் கிடைத்தது. கிரிக்கெட் கிண்ணத்துக்கு அதற்குப் பிறகும் 23 வருடம் காத்திருந்தோம். லாஃபிரின் பெயரை உம்முடைய கடிதத்தில் காணவில்லை. விடியவிடிய போன் பார்க்கிறீர், இதைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் கிடைக்கவில்லையா?

தடை பற்றிய கேள்விக்கு வருகிறேன். நீர் சொல்லும் அந்த 2025 சம்பியன் ஜாவோ ஷின்தொங், தான் விளையாடிய ஆட்டத்தைத் தானே விற்கவில்லை. இன்னொருவர் இரண்டு ஆட்டங்களில் செய்த சூதுக்கு உடந்தையாக இருந்ததையும், ஆட்டங்களில் பந்தயம் கட்டியதையும் ஒப்புக்கொண்டார். 20 மாதத் தடை. அதை முடித்துவிட்டு வந்து, அமெச்சூராகத் தகுதிச் சுற்று நான்கையும் தாண்டி, அரையிறுதியில் முன்னாள் சம்பியன் ரொனி ஓசலிவனை 17-7 என்றும், இறுதியில் 50 வயது மார்க் வில்லியம்ஸை 18-12 என்றும் வென்றார். சீனாவிலிருந்து முதல் உலக சம்பியன். தண்டனை விதித்தவர்கள் இவ்வளவு என்று அளந்து விதித்தார்கள், அவர் அதை அனுபவித்து முடித்தார். அதற்கு மேலே நீரும் நானும் இங்கே இருந்துகொண்டு இன்னொரு 20 மாதம் போட ஏலாது.

இனி அந்த வரிக்கு வருகிறேன். “எங்கட ஊரில் பேயன் என்றுதான் சொல்லுவார்கள்.” யார் சொல்லுவார்கள்? ஊர் என்று எழுதிவிட்டு அதன் பின்னால் நீர் ஒளித்துக்கொண்டு நிற்கிறீர். அந்த ஆட்டக்காரர் எழும்பி நின்றபோது உமக்கு என்ன தோன்றியது என்று ஒரு சொல் எழுதவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அசையாமலா அதைக் கடிதத்தில் கொண்டுவந்து வைத்தீர்? அசைந்தது தம்பி. அசைந்தபடியால்தான் உடனே ஊரைக் கூப்பிட்டு அதன் வாயைப் பொத்தினீர்.

அந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பாரும். பன்னிரண்டு அடி மேசை. ஆட்டக்காரர் குனிந்து, ஒரு காலை மேசை விளிம்பில் வைத்து, எட்டாத பந்துக்கு எட்டுகிறார். சட்டைக் கை ஒரு சிவப்புப் பந்தை உரசுகிறது. பந்து உருளக்கூட இல்லை, ஒரு நடுக்கம், அவ்வளவுதான். ரெஃபரி மறுபக்கம் நிற்கிறார். எதிராளி தண்ணீர்க் கிளாசைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உலகப் போட்டி நடக்கும் குரூசிபிள் அரங்கில் ஆயிரம் பேருக்குக் கிட்ட இருக்கிறார்கள், ஒருவரும் காணவில்லை. அவர் நிமிர்ந்து, “ஃபவுல்” என்று சொல்லிக் கையை உயர்த்திவிட்டுக் கதிரைக்குப் போகிறார். குறைந்தது நாலு புள்ளி எதிராளிக்கு. சில வேளை அந்த ஃபிரேமே அதோடு போய்விடும். இது ஒருவர் இருவர் செய்யும் புதுமை இல்லை. அந்த விளையாட்டின் வழக்கம் அது.

இதற்குள்ளே ஒரு சட்டம் இருக்கிறது. நான் சில மாதங்களாக அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் உமது கடிதம் வந்தது. ரெஃபரியும் சொல்லாமல், எதிராளியும் கேட்காமல், அடுத்த அடி அடிக்கப்பட்டுவிட்டால் அந்த ஃபவுல் மன்னிக்கப்பட்டதாக ஆகிவிடும். பிறகு யார் வந்து சொன்னாலும் எடுபடாது. சொல்லுவதற்கு இருப்பது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் உள்ள நேரம் மட்டும். அரை நிமிடம் இருக்கலாம், இருபது செக்கனும் இருக்கலாம். அது போனால் போனதுதான். சட்டம் உம்மை மன்னித்துவிடும், நீர் சொல்லாதவராகவே இருந்துவிடுவீர்.

எனக்கு அந்த இருபது செக்கன் 1993இல் கிடைத்தது.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெயைத் துளியாக எண்ணிச் செலவழித்த காலம். எங்கள் சனசமூக நிலையத்தில் கரம் போட் ஒன்று இருந்தது, அதுதான் எங்களுக்கு எல்லாம். பவுடர் கிடைக்காது, கல்யாண வீட்டில் மிஞ்சிய முகப்பவுடரை யாராவது பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தால் அன்றைக்குத் திருவிழா. அந்த வருட ஆண்டுவிழாப் போட்டியில் இறுதியாட்டம் எனக்கும் ஒரு மேசன் அண்ணைக்கும். பெருவிரலால் அடிக்க எனக்குப் பழக்கியவரே அவர்தான். சீமெந்து தின்ற விரல், நுனியெல்லாம் வெடிப்பு. அந்த விரலால் காயைத் தொட்டால் காய் சொல்வழி கேட்கும். பரிசு இரண்டு கட்டிச் சவுக்காரம். இன்றைக்கு இது என்ன பரிசு என்பீர். அன்றைக்கு அம்மா ஒரு கட்டியை நூலால் நாலாக அறுத்து, ஒரு துண்டை மட்டும் கிணற்றடிக்குக் கொண்டுபோவா.

கடைசி போட். அவருக்கு ஒரு வெள்ளை, எனக்கு ஒரு கறுப்பு. அவருடைய வெள்ளை என் கோட்டுக்கு முன்னால், என் கறுப்புக்குப் போகும் வழியை மறித்துக்கொண்டு நின்றது. என் இடப்பக்கம் விளக்கு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு போட்டுக் கொஞ்சம் எண்ணெய் விட்டு எரிக்கும் விளக்கு. என் கையின் நிழல் அந்தக் காய்க்கு மேலே விழுந்திருந்தது. ஸ்ரைக்கரை வைக்கும்போது சின்னவிரல் காயில் பட்டது. காய் குளிர்ந்து இருந்தது, அந்தக் குளிர் எனக்கு இப்பவும் விரலில் இருக்கிறது. ஒரு நகத்தளவு நகர்ந்திருக்கும். வழி திறந்துவிட்டது.

சுற்றி நின்ற ஒருவரும் பேசவில்லை. நான் நிமிரவில்லை, அடித்தேன். கறுப்பு விழுந்தது.

அண்ணை கை தந்தார். “நல்ல கை, தம்பி.” வேறொன்றும் சொல்லவில்லை. அம்மா சவுக்காரத்தை மணந்து பார்த்துவிட்டு அலுமாரிக்குள் துணிகளுக்கு நடுவில் வைத்தா.

1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள்ளே, வலிகாமமே வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது நாவற்குழிக்குக் கிட்ட அவரைக் கண்டேன். சைக்கிள் கரியரில் தாயை இருத்தி, உருட்டிக்கொண்டு வந்தார். அரை மணித்தியாலத்துக்குப் பத்தடி நகரும் சனம். பக்கத்தில் நின்று கொஞ்சத் தூரம் சைக்கிளைப் பிடித்துக்கொடுத்தேன். சொல்லலாம் என்று வந்தது. அந்தச் சனத்துக்குள், அந்த மழைக்குள், ஒரு கரம் காயைப் பற்றி எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். அவர்கள் வன்னிக்குப் போனார்கள். நாங்கள் திரும்பி வந்தபோது நிலையத்துக்குக் கூரை இல்லை, கரம் போட் இல்லை.

2011இல் கொடிகாமத்தில் ஒரு சொந்தக்காரர் வீடு திருத்தினார். போனேன். சுவர் பூசிக்கொண்டு நின்றவர் அவர். தலை முழுக்க நரைத்திருந்தது. தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் சொன்னேன். எங்கே பட்டது, எவ்வளவு நகர்ந்தது, எல்லாம். மேசன் கரண்டியைத் தண்ணீர் வாளிக்குள் அலம்பிக்கொண்டே கேட்டார்.

“எனக்குத் தெரியும். அது என்ர காய், அது எங்க நிண்டதெண்டு எனக்குத் தெரியாதோ? நீ சொல்லுவாய் எண்டு பாத்தன். சரி, அடுத்த வருசம் விளையாடேக்க சொல்லுவான் எண்டு நினைச்சன். பிறகு போட்டே இல்லாமப் போச்சு.”

கோபம் இல்லை அதில். அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை, அடுத்த அடி விழுந்துவிட்டது. சட்டப்படி 1993இலேயே எனக்கு மன்னிப்பு. 18 வருடம் கழித்துச் சொன்னதில் அவருக்கு ஒரு சவுக்காரக் கட்டியும் திரும்பிப் போகவில்லை.

ஆகவே தம்பி, ரெஃபரி காணாததைச் சொன்னவரைப் பேயன் என்று இன்னொருமுறை எனக்கு எழுதாதேயும். ஊர் சொல்லும் என்றும் எழுதாதேயும். நான் அந்த ஊர்தான். அன்றைக்கு நான் வாய் திறந்திருந்தால் அந்த அண்ணை என்னைப் பேயன் என்றிருக்கமாட்டார்.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர். முழு அளவு மேசை இங்கே கிடைக்காவிட்டால், பழகக் கொழும்புக்குத்தான் போகவேண்டிவரும், அதற்குக் காசும் காலமும் வேண்டும். ஓ.எல். பரீட்சை முடியட்டும், அப்பாவோடு நான் கதைக்கிறேன். அதுவரை உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் கரம் போட் இருக்கும், போய் விளையாடும். நல்ல பவுடர் ஒரு டின் வாங்கிக் கொண்டுபோம். இருட்டினால் லைட்டைத் தலைக்கு நேர் மேலே போடச் சொல்லும், கையின் நிழல் காயில் விழக்கூடாது.

அன்புடன்,
அண்ணா