வீட்டை இப்பவே எழுதிக் கொடுக்கலாமா? பெற்றோரும் பிள்ளைகளும் கேட்ட கேள்விகள்

பெற்றோர் பராமரிப்பு மனுக்களில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து சமரசம் பேசும் வேலையில் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கி, ஊரும் வயதும் மட்டும் போட்டிருக்கிறேன். கீழே 'சட்டம்' என்று சொல்வதெல்லாம் 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம்.

மதுரை, 68: ரெண்டு பையன், ஒரு பொண்ணு. சின்னவன் கூடத்தான் இருக்கிறோம். வீட்டை அவன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தால் லோன் போட்டு மாடி கட்டலாம் என்கிறான். தங்கமான பையன். எழுதலாமா?

தங்கமான பையன் என்றால் நிபந்தனையோடு எழுதுவதில் அவருக்கு என்ன கஷ்டம் ஐயா? என் முன்னால் வந்து உட்கார்ந்த பிள்ளைகளில் பலர் ஒன்றும் கொடியவர்கள் இல்லை. வேலை போயிருக்கும், கடன் ஏறியிருக்கும், வீட்டில் சண்டை வந்திருக்கும், அந்த நேரத்தில் அப்பா அம்மாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்காததால் ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பார்கள்.

முதலில் வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். உயில் என்றால் நீங்கள் இருக்கும்வரை வீடு உங்களுடையது, எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்ட் அப்படி இல்லை. பதிவானால் உரிமை அவருக்குப் போய்விட்டது, மனசு மாறியதென்று நீங்களாகப் போய் ரத்து செய்துவிட முடியாது. அதனால் அவசரம் இல்லையென்றால் உயிலே போதும் என்பேன். லோனுக்காக என்றால்கூட, வீடு உங்கள் பேரிலேயே இருக்க, நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அவர் சம்பளத்தின் பேரில் கடன் வாங்க வழி இருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். பல வங்கிகள் தருகின்றன. ஒன்று, வீடு அடமானத்தில் இருக்கும், தவணை நின்றால் உங்கள் தலையிலும் விழும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

செட்டில்மெண்ட்தான் என்று முடிவு செய்தால் பத்திரம் எழுதுபவர் வழக்கமாகப் போடும் 'அன்பின் காரணமாக' வாசகத்தோடு விட்டுவிடாதீர்கள். எனக்கும் என் மனைவிக்கும் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை உண்டு, சாப்பாடு, மருந்து, அன்றாடத் தேவைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் எழுதித் தருகிறேன் என்று இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மனைவி பெயரை விட்டுவிடாதீர்கள், உங்களுக்குப் பின்னால் அவதிப்படுவது பெரும்பாலும் அவர்தான். இந்த நிபந்தனை மீறப்பட்டால் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம்.

பெரிய மகனையும் பொண்ணையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு எழுதுங்கள். பத்திரம் பதிந்த விஷயம் மற்ற பிள்ளைகளுக்கு வில்லங்கச் சான்று பார்த்துத் தெரிந்தால் அந்தக் குடும்பம் பொங்கலுக்குக்கூட ஒன்றாகச் சேராது.

திருநெல்வேலி, 74: நான் ஆறேழு வருஷம் முன்னாடியே மகன் பேருக்கு எழுதிட்டேன். நிபந்தனை எதுவும் போடலை. இப்ப பேச்சுவார்த்தையே இல்லை. திரும்ப வாங்க முடியுமா?

முடியலாம் அம்மா, ஆனால் நிச்சயம் என்று நான் சொன்னால் அது பொய். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் எழுதப்பட்டது என்பது நிரூபணமாக வேண்டும் என்று சொன்னது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்து வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் தாய் மகனுக்குக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அங்கே கடைசிவரை பார்த்துக்கொள்வேன் என்று மகன் தனியாக எழுதிக் கொடுத்ததாகத் தாய் காட்டிய காகிதம் உதவியது. அதே வருஷம் மார்ச்சில் நம் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினத்து மூதாட்டி வழக்கில், நிபந்தனை வெளிப்படையாக இல்லாவிட்டாலும் அன்பினால் எழுதிக் கொடுத்ததிலேயே அது அடங்கியிருக்கிறது என்று தாயின் பக்கம் நின்றது. ஆகவே வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) அலுவலகத்தில் மனு போடுங்கள். பத்திர நகல், அந்தச் சமயத்தில் பேசி முடித்த பெரிய மனிதர்கள், கடிதம், வாட்ஸ்அப் செய்தி, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

சென்னை, 36: மாசம் அப்பா அம்மாவுக்கு நான் மட்டும்தான் பணம் அனுப்புறேன். அக்கா நல்ல வசதி, ஒரு பைசா தர்றதில்லை. கேட்டால் 'நான் கட்டிக் கொடுத்த பொண்ணு' என்கிறாள். சட்டப்படி மகனுக்கு மட்டும்தான் கடமையா?

இல்லை தம்பி. மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி எல்லோரும் சட்டத்தில் 'பிள்ளைகள்'தான். கல்யாணமானது கணக்கில்லை. ஒருவர் மேல் மட்டும் மனு வந்தால் அவர் மற்றவர்களையும் அதில் சேர்க்கலாம். ஆனால் நீங்கள் அங்கே வரை போக வேண்டாம். கல்யாணத்துக்குப் போட்ட நகையோடு அவள் பங்கு முடிந்தது என்று உங்கள் வீட்டில் யாராவது எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். நான் பார்த்த அக்கா தம்பி தகராறுகளில் முக்கால்வாசி அங்கேதான் போய் நின்றது. பங்கு இல்லை என்று சொல்லிவிட்டு செலவில் மட்டும் பங்கு கேட்டால் யாருக்கும் கோபம் வரும்.

சேலம், 29: மாமியார் ஆர்டிஓ ஆபீஸில் மனு கொடுத்து என்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவேன் என்கிறார். வீடு அவர் பேரில். முடியுமா?

மனு கொடுக்கலாம், ஆனால் உங்கள் உரிமையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு வெளியேற்ற முடியாதம்மா. 2020 டிசம்பரில் பெங்களூரு வழக்கில் உச்ச நீதிமன்றம், குடும்ப வன்முறைச் சட்டத்தில் மருமகளுக்கு உள்ள குடியிருப்பு உரிமையை இந்தச் சட்டத்தைக் காட்டி அடித்துவிட முடியாது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. நோட்டீஸ் வந்தால் போகாமல் மட்டும் இருக்காதீர்கள். இன்னொன்று, பல வீடுகளில் மகனும் மருமகளும் பிரியும் நிலையில் இருக்கும்போது மகனே அம்மா பேரில் இந்த மனுவைப் போட வைக்கிறார். அப்படியென்றால் அதை விசாரணையில் வாய் திறந்து சொல்லுங்கள்.

திருப்பூர், 63: மகன், மருமகள் ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போறாங்க. ரெண்டு வயசுப் பேரனைக் காலை எட்டு மணியிலிருந்து ராத்திரி வரை நான்தான் பாக்கறேன். முட்டி வலி. முடியலைன்னு சொன்னா தப்பா எடுத்துக்குவாங்களோ?

இதற்குச் சட்டம் எதுவும் இல்லை, நீங்கள் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சாப்பாட்டுக்கு உட்காரும்போது முணுமுணுத்தால் குறை சொல்வதாகத்தான் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மகனையும் மருமகளையும் சேர்த்து வைத்து, "சனிக்கிழமை நான் பார்க்க மாட்டேன், மதியம் ரெண்டு மணி நேரத்துக்கு ஆள் வையுங்கள்" என்று குறிப்பாகக் கேளுங்கள். 'முடியலை' என்றால் அவர்களுக்கு என்ன செய்வதென்றே தெரியாது. மருமகளிடம் மட்டும் சொல்லி மகன் காதுக்குப் போகும்படி விடாதீர்கள், பிள்ளை இரண்டு பேருக்கும்தானே.

காரைக்குடி, 71: எங்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் மகன்தான் எல்லாம். அவனுக்கு எங்களைப் பார்த்துக்கொள்ளும் கடமை உண்டா? சொத்தை அவன் பேருக்கு எழுதலாமா?

பிள்ளை இல்லாத, 60 வயது நிரம்பியவர்களின் சொத்தை அனுபவிக்கும் அல்லது பின்னால் அடையப்போகும் வாரிசு சட்டத்தில் 'உறவினர்', போதிய வசதி இருந்தால் பராமரிக்கக் கடமை உண்டு. மற்றபடி மதுரை ஐயாவுக்குச் சொன்னதே உங்களுக்கும்.

ஈரோடு, 40: மனு போட்டால் எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு நாள், வக்கீல் வைக்கணுமா?

மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். இந்தக் காலத்துக்கு மிகக் குறைவு, உச்சவரம்பை எடுக்க 2019-இல் மசோதா வந்து நிறைவேறாமல் போனது. நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். வக்கீல் தேவையில்லை. கோட்டாட்சியர் அலுவலகத்தில் நீங்களே மனு எழுதிக் கொடுக்கலாம். உத்தரவு பிடிக்காவிட்டால் பெற்றோர் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

விழுப்புரம், 33: பக்கத்து வீட்டுப் பாட்டியை மகன்கள் சரியாகச் சாப்பாடு போடாமல் வைத்திருக்கிறார்கள். மனு கொடுக்கச் சொன்னால் 'பெத்த பிள்ளையைக் காட்டிக் கொடுக்க மாட்டேன்' என்று அழுகிறார். நான் கொடுக்கலாமா?

அவரால் முடியாத நிலை என்றால் அவர் ஒப்புக்கொண்டு சொல்பவர் யாரும் அவருக்காக மனு கொடுக்கலாம், இந்த மனுக்களை விசாரிக்கும் கோட்டாட்சியர் தீர்ப்பாயம் தானாகவும் எடுக்கலாம். முதலில் 14567-க்கு அழையுங்கள், முதியோருக்கான இலவச உதவி எண். பாட்டியிடம் 'கேஸ்' என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். அதிகாரி முன்னால் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேச வைப்பதுதான் முதல் கட்டம், ஜெயில் இல்லை என்று சொல்லுங்கள். அவர் யோசிக்கும்வரை மதியச் சாப்பாட்டை நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள்.