வாசகர் கேள்வி: வெங்காயத்தில் ஏன் நீலம் வரவில்லை?

கேள்வி: நிறமற்ற கணிகங்களை (தாவரச் செல்லுக்குள் இருக்கும் நிறமில்லாச் சிறு உறுப்புகளை) பார்க்க, உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் வெங்காயத் தோலில் அயோடின் விட்டாள், மஞ்சளாகவே தெரிந்தது. உருளைக்கிழங்குச் சீவலோ முழுக்கக் கறுப்பு. எங்கே பிழை? சமையல் மேடையில் கிடந்த கிழங்கு பச்சையாகிவிட்டது, சாப்பிடலாமா?
— வாசகி, ஜூரோங்

பதில்: வெங்காயத்திலும் நிறமற்ற கணிகங்கள் உண்டு. ஆனால் அயோடின் கருநீலமாக்குவது மாவுச்சத்தைத்தான், கணிகத்தை அல்ல. வெங்காயம் சேமிப்பைச் சர்க்கரையாகவும் ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலியாகவும் வைத்துக்கொள்கிறது. அதனால்தான் நீலம் இல்லை.

உருளைக்கிழங்குச் சீவல் தடிமனாக இருந்திருக்கும். சீவவே வேண்டாம். வேகாத கிழங்கின் வெட்டிய பக்கத்தைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டுங்கள். பால்போல் கலங்கி வருவதில் குண்டூசித் தலையளவு எடுத்து, ஒரு சொட்டு நீரில் கலந்து, காற்றுக்குமிழி புகாதபடி மூடுதகட்டை (மெல்லிய கண்ணாடித் தகடு) சாய்த்து இறக்குங்கள். முதலில் சாயமில்லாமல், வெளிச்சத்தைக் குறைத்து, நுண்ணோக்கியில் 400 மடங்கில் பாருங்கள். ஒவ்வொரு மாவுமணியிலும் ஓரமாக ஒரு புள்ளி, அதைச் சுற்றிச் சிப்பி ஓட்டு வரிகள்போல் வளையங்கள். இதைப் பார்க்காமல் சாயம் விடக்கூடாது.

பிறகு, ஒரு பங்கு அயோடினுக்குப் பத்துப் பங்கு நீர். மருந்துக்கடைப் பொவிடோன் அயோடினும் போதும். மூடுதகட்டின் ஒரு பக்கம் சொட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் டிஷ்யூவால் உறிஞ்சுங்கள். அடர்த்தி கூடினால் வளையங்கள் கறுப்பில் மறைந்துவிடும். வேகவைத்த கிழங்கு உதவாது. மணிகள் ஊதி உருக்குலைந்திருக்கும்.

அவள் பார்ப்பது கணிகத்தை அடைத்துக்கொண்டிருக்கும் மாவுமணியை. இலையிலிருந்து வரும் சர்க்கரையை, அமைலோபிளாஸ்ட் எனப்படும் இந்த நிறமற்ற கணிகம் மாவாக்குகிறது. சர்க்கரையாகவே சேர்ந்தால் செல் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். மாவு கரையாமல் சும்மா கிடக்கும்.

வெளிச்சம் பட்டால் அதே அமைலோபிளாஸ்ட் பசுங்கணிகமாக மாறும். பச்சை நிறம் நஞ்சல்ல. ஆனால் அந்த வெளிச்சமே சொலனின் என்ற நஞ்சையும் கூட்டுகிறது, அது வேகவைத்தாலும் போகாது. சிறிதளவு பச்சை என்றால் தடிமனாகச் சீவி எறியுங்கள். கசந்தாலோ நிறையப் பச்சையாக இருந்தாலோ முழுக் கிழங்கையும்.

மகளுக்கு இன்னொன்று. முளைவிட்ட பச்சைப்பயற்றைக் கண்ணாடிக் குவளைச் சுவருக்கும் ஈர டிஷ்யூவுக்கும் நடுவே, வேர் படுத்திருக்கும்படி வைத்து இருட்டில் விடட்டும். வேர் கீழே வளையும். வேர் நுனியைப் போர்த்தியிருக்கும் வேர்மூடியிலுள்ள அமைலோபிளாஸ்ட்டுகள் மாவின் கனத்தால் செல்லின் அடியில் போய் உட்கார்வதுதான் வேருக்குத் திசை சொல்கிறது. வேர்மூடியை மட்டும் சீவிவிட்டால், அது மறுபடி முளைக்கும்வரை வேர் வளையாமல் நீளும்.